ஒரே துண்டில் உள்ளே போனவர்கள்

போன வருடம், கச்சான் காற்று வீசும் காலம். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் இருந்த சின்ன அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. அங்கே நான்கு பேர் கணினி வேலை செய்தார்கள். கூட்டுவது, தேநீர் போடுவது, வெளியே கொடுக்க வேண்டியதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. எனக்கு வயது நாற்பத்தெட்டு. ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க வெட்கப்படுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதிக்கு அந்த வெட்கம்தான் காரணம்.

அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு இளம் பெண். எல்லோரும் அவரை மிஸ் என்போம். அவர் என்னை அண்ணை என்பார். அந்த நாட்களில் அவர்கள் இங்குள்ள மீனவர் சங்கம் ஒன்றுக்காக இணையத்தில் ஒரு பதிவேடு செய்துகொண்டிருந்தார்கள். வள்ளம் கடலுக்குப் போகும்போது வள்ளக்காரர் தன் கைத்தொலைபேசியில் சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டும். கரைக்கு வந்ததும் பச்சைப் பொத்தான். எங்கள் அலுவலகச் சுவரிலிருந்த பெரிய திரையிலும் சங்கக் கட்டடத்திலும் அந்த வள்ளத்தின் இலக்கம் சிவப்பாகவோ பச்சையாகவோ தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகும் ஒரு இலக்கம் சிவப்பாகவே நின்றால், சங்கம் தேடுவதற்கு வள்ளம் அனுப்பும்.

கேட்ட உடனேயே எனக்கு அது பிடித்துப்போயிற்று. என் மனைவியின் தம்பி அந்தச் சங்கத்தில் ஒருவன். கடலுக்குப் போனவன் வந்துவிட்டான் என்று கேள்விப்படும்வரை என் மனைவி குசினிக்கும் வாசலுக்குமாக எத்தனை தரம் நடப்பாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஆனால் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. உள்ளே போவதற்குக் கடவுச்சொல் வேண்டும். அதைப் போட்டவர்கள் அடுத்த நாளே மறந்தார்கள். ஒருநாள் சங்கச் செயலாளர் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து, கதிரையில் அமர்ந்து, தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மிஸ்ஸிடம் முறையிட்டார்.

"பிள்ளை, எங்கட ஆக்களுக்குப் பெண்சாதியின்ர பிறந்தநாளே ஞாபகம் இல்லை. எட்டு எழுத்தும் ஒரு நட்சத்திரமும் எண்டா எங்க போறது?"

அதற்குப் பிறகு அந்த நாலு பேரும் இரண்டு நாள் கூடிக் கதைத்தார்கள். தேநீர் வைக்கப் போகும்போது காதில் விழுந்ததை வைத்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் ஏற்கெனவே ஒரு பெரிய கொம்பனியின் மின்னஞ்சல் கணக்கு இருக்கிறது. நமக்கென்று தனியாகக் கடவுச்சொல் கேட்காமல், அந்தக் கணக்காலேயே உள்ளே வர விடலாம். ஒரு பொத்தான் போதும்.

எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. இன்னொருவன் வீட்டுத் திறப்பால் எங்கள் வீட்டுக் கதவு எப்படித் திறக்கும்? அப்படித் திறந்தால் அந்தக் கொம்பனிக்காரனும் உள்ளே வந்துவிட மாட்டானா? பாத்திரம் கழுவும்போதும் அதே யோசனை, சைக்கிள் மிதிக்கும்போதும் அதே யோசனை. யாரிடமும் கேட்கத் துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் தேநீர்த் தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். என்ன யோசனை என்று மிஸ்ஸே கேட்டார். தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. கதிரையைத் திருப்பி இருந்து விளங்கப்படுத்தினார்.

"நாங்கள் ஆளைப் பாக்கிறேல்லை அண்ணை. 'இவர் இன்னார்தான்' எண்டு அந்தக் கொம்பனி எங்களுக்கு எழுதிக் குடுக்கும். நாங்கள் அதை நம்பி உள்ள விடுறம். அவையின்ர திறப்பு எங்களிட்ட வராது, எங்கட வீட்டுக்குள்ள அவையும் வரமாட்டினம்."

அப்போது எனக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. இளவயதில் நான் துறைமுகத்தில் சீமெந்து மூட்டை இறக்கும் நாள்கூலி வேலைக்குப் போனவன். வாசலில் நிற்கிறவருக்கு எங்கள் முகம் தெரியாது. மேற்பார்வையாளர் ஒரு துண்டு எழுதித் தருவார். வாசல்காரர் அந்தத் துண்டை மட்டும் பார்த்து உள்ளே விடுவார்.

"துறைமுகத் துண்டு மாதிரியோ மிஸ்?" என்று வாயில் வந்துவிட்டது.

மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸுக்கு நல்ல சந்தோஷம். இவ்வளவு நாளும் இதைச் சங்கத்து ஆட்களுக்கு எப்படிச் சொல்வது என்று தவித்தாராம், இனி இப்படியே சொல்லலாம் என்றார். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் அதற்குப் பெயரே துண்டு என்றாகிவிட்டது. எனக்கோ முகம் சூடாகிவிட்டது. தட்டத்தோடு குசினிக்குள் போய்விட்டேன். அந்தத் துண்டைப் பற்றி எனக்கு இன்னொரு விஷயமும் தெரியும். நின்று கதைத்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

பொத்தான் தயாரானதும் பத்து வள்ளக்காரரை வைத்துத் தொடங்கினார்கள். இறங்குதுறையில் வைத்துப் பதிந்த அன்று தேநீர்ப் போத்தலோடு நானும் போனேன். முதல் ஆளாகப் பதிந்தது மனைவியின் தம்பி, என் மச்சான்தான். போன் அவனிடம் வள்ள இலக்கம் கேட்டது, போட்டான், இரண்டு பெரிய பொத்தான்களும் வந்தன. ஒவ்வொருவராக முடிந்த பிறகு செயலாளர் பெருமையாக வந்து சொன்னார், இரண்டு பேரிடம் ஒன்றுமே கேட்கவில்லையாம், அமத்திய உடனேயே உள்ளே போய்விட்டதாம், நல்ல கெட்டித்தனமான சாமானாம். மிஸ் அந்த நேரம் யாருடனோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிச் சிரித்தார். மறுநாள் அலுவலகத் திரையில் எட்டு இலக்கங்கள்தான் நின்றன. மற்ற இரண்டு பேரும் பிறகு பதிவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்குச் சில நாள் கழித்து மிஸ் என்னைக் கூப்பிட்டார். பழைய கைத்தொலைபேசியில் அந்தப் பொத்தான் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். "உங்கட போனில ஒருக்கா அமத்திப் பாருங்கோ அண்ணை" என்றார். என் கைத்தொலைபேசி பெரியகடைப் பக்கம் நாங்கள் எல்லோரும் வாங்குகிற கடையில் வாங்கியது. அமத்தினேன். வள்ள இலக்கம் கேட்கும், எனக்குத்தான் வள்ளம் இல்லையே, என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டிருக்க, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டது. மேலே சின்ன எழுத்தில் ஒரு வள்ள இலக்கம் இருந்தது. பார்த்தேன். மச்சானுடையது.

நானும் அவனும் ஒவ்வொரு நாளும் கதைக்கிறவர்கள். அதை வைத்து இந்த இயந்திரம் எங்கள் உறவைக் கண்டுபிடித்திருக்கிறது என்று நினைத்தேன். இவ்வளவு அறிவுள்ள ஒன்றை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

மிஸ் தன் மேசையிலிருந்தே கேட்டார், "உள்ள போட்டுதோ அண்ணை?"

"ஓம் மிஸ்."

அவ்வளவுதான் சொன்னேன். மச்சானின் இலக்கம் தெரிகிறது என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், அதுகூடத் தெரியாதா, அது அப்படித்தான் என்று அந்தப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் எழுந்ததும் என் கைத்தொலைபேசியைத் திறந்து பார்ப்பேன். சிவப்பு. "உன்ர தம்பி வெளிக்கிட்டான்" என்பேன். அலுவலகத்தில் பச்சை வந்ததும் மனைவிக்குப் போன் எடுத்து "வந்திட்டான்" என்பேன். அவள் குசினிக்கும் வாசலுக்கும் நடப்பதை விட்டுவிட்டாள். இரண்டு கிழமை இப்படிப் போயிற்று. நான் ஒருநாளும் எந்தப் பொத்தானையும் அமத்தியதில்லை. பார்ப்பதோடு சரி.

சம்பவம் நடந்த அன்று விடியவே காற்று கடுமையாக இருந்தது. கச்சான் மேற்கிலிருந்து வருவது. எங்கள் பக்கத்தில் அது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். எஞ்சின் ஓடும்வரை பயமில்லை, நின்றால் வள்ளத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். மச்சான் சிவப்பை அமத்திவிட்டு வழக்கம்போல் போயிருந்தான். ஒன்பதரை மணி போல திரையில் அவன் இலக்கம் பச்சையானது. மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். கறிக்குத் தேங்காய் துருவப் போகிறேன் என்றாள்.

பதினொன்றரைக்கு அவளே எடுத்தாள். தம்பி கரைக்கு வந்தால் ஒரு கோர்வை மீனை ஓட்டோக்காரரிடம் கொடுத்துவிடுவான், அது இன்னும் வரவில்லை, அவனுடைய போனும் வேலை செய்யவில்லை என்றாள். திரையைப் பார்த்தேன். பச்சை பச்சையாகவே நின்றது. ஜன்னல் கண்ணாடி காற்றுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. சீனி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்குதுறைக்கு சைக்கிளை விட்டேன்.

மச்சானின் வள்ளம் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் ஒருவர் வலையிலிருந்து பாசி எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்துப் பேரில் ஒருவர். மச்சான் எங்கே என்று கேட்டேன்.

"அவன் இன்னும் வரேல்லை. காத்தைக் கண்டு நான் ஒம்பதரைக்கே திரும்பிட்டன். வந்த உடன பச்சையும் அமத்திட்டன், செயலாளர் பேசுவார் எண்டு" என்றார்.

திரையில் மச்சானின் பச்சை வந்ததும் அதே ஒன்பதரைக்குத்தான். அவருடைய போனைக் காட்டச் சொன்னேன். திறந்தார். மேலே சின்ன எழுத்தில் மச்சானின் வள்ள இலக்கம்.

"அண்ணை, இது உங்கட இலக்கம் இல்லையே?"

"அந்தச் சின்ன எழுத்தை ஆர் பாக்கிறது? பொத்தானைத்தானே பாக்கிறது."

போன் எங்கே வாங்கியது என்று கேட்டேன். எங்கே வாங்குவது, எங்கள் நானாவின் போன் கடையில்தான், நீங்களும் அங்கேதானே வாங்கினீர்கள் என்றார்.

துண்டைப் பற்றி நான் சொல்லாமல் விட்ட மற்ற விஷயம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் ஒரு துண்டில் சிலவேளை இரண்டு பேர் உள்ளே போவோம். முதல் ஆள் போய், துண்டை வேலிக்கு வெளியே நீட்டுவார், அடுத்தவர் அதைக் காட்டிக்கொண்டு மற்ற வாசலால் வருவார். ஒருநாள் என்னோடு அப்படி வந்தவர் வயிற்றுவலி என்று முதலே வெளியே போய்விட்டார். வேலை முடிந்து நான் போனால், வாசல்காரர் கொப்பியைக் காட்டி, இந்தத் துண்டுக்காரன் மத்தியானமே வெளியே போய்விட்டான் என்று என்னோடு சண்டை. நான் அவர் முன்னால் உள்ளே நின்றுகொண்டிருக்கிறேன். கொப்பியில் நான் வெளியே.

மச்சானும் அப்படித்தான். கொப்பியில் கரையில். ஆள் கடலில். என்னுடைய போன், இந்த மனிதருடைய போன், மச்சானுடைய போன், மூன்றும் அந்தக் கடையில் ஒரே கணக்குப் போட்டுத் தந்தவை. இயந்திரத்துக்கு எங்கள் உறவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நாங்கள் எல்லோரும் ஒரே துண்டில் உள்ளே போயிருக்கிறோம்.

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் வழக்கமாக நான் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவேன். அன்று மிதித்தே ஏறினேன். மிஸ் கொழும்பில் யாரோ பெரிய ஆட்களுடன் திரையில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நாங்கள் கதவைக்கூடத் திறப்பதில்லை. திறந்தேன்.

"மிஸ், அந்தப் பச்சை பொய். என்ர மச்சான் இன்னும் கடலில."

அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். நான் என் போனை அவர் முன்னால் வைத்தேன். கடை, ஒரே கணக்கு, ஒன்பதரை மணிக்கு வேறொருவர் பச்சை அமத்தியது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் கதைத்ததில்லை. அவர் போனில் அந்த இலக்கத்தைப் பார்த்தார்.

"இது எப்ப தொடக்கம் இப்பிடித் தெரியுது அண்ணை?"

"நீங்கள் அமத்தச் சொன்ன நாள் தொடக்கம்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். உடனே செயலாளருக்கு எடுத்தார். கால் மணி நேரத்துக்குள் சங்கத்தின் இரண்டு வள்ளங்கள் வெளிக்கிட்டன. ஒன்றும் கேட்காமல் உள்ளே போன மற்ற ஆள் யார் என்று கண்டுபிடித்து, அவர் கரையில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். நல்ல வேளை, அவர் அன்று கடலுக்கே போகவில்லை.

பிறகு நான் மனைவிக்கு எடுக்க வேண்டும். அந்தப் பொத்தான்கள் எல்லாவற்றிலும் கடினமான பொத்தான் அதுதான். காலையில் சொன்னது பிழை, தேடப் போயிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"நீங்கள்தானே சொன்னியள், வந்திட்டான் எண்டு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் காதில் இருக்கிறது.

அதன் பிறகு ஜன்னலோடு நின்றேன். உள்துறைமுகத்துத் தண்ணீர் எப்போதும்போல் அடக்கமாகத்தான் கிடந்தது. அதைப் பார்த்தால் வெளியே கடல் எப்படி இருக்கிறது என்று தெரியாது. அந்தப் பிள்ளைகள் யாரும் சாப்பிடவில்லை. நானும் தேநீர் போடவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மூன்று மணி கழிந்துதான் செயலாளர் எடுத்தார். கண்டுவிட்டார்களாம். யாரோ வெட்டிவிட்ட வலைத்துண்டு எஞ்சினின் விசிறியில் சுற்றி, எஞ்சின் நின்றிருக்கிறது. நங்கூரக் கயிறு ஆழத்துக்குப் போதவில்லை. மச்சானும் கூடப் போனவரும் துடுப்பால் வலித்து வலித்துக் கை தோலுரிந்துபோயிருந்தார்கள். போனுக்குள் தண்ணீர் போய்விட்டது. மாலைவரை தேடாமல் விட்டிருந்தால் காற்று எங்கே கொண்டுபோயிருக்கும் என்று செயலாளர் சொல்லத் தொடங்கினார். மிஸ், "வேண்டாம் ஐயா, விடுங்கோ" என்றார்.

இறங்குதுறையில் வள்ளத்தால் இறங்கிய மச்சான், கரையில் காத்துநின்ற அக்காவைக் கட்டிப்பிடித்து அழவிட்டுவிட்டு, அவள் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தான். விஷயம் அவனுக்கு வழியிலேயே சொல்லியிருந்தார்கள்.

"நான் அங்க வெயிலில காயிறன், நீங்கள் இங்க என்னைக் கரை சேத்து, மீன்கறிக்குத் தேங்காயும் துருவிட்டியளாம், அத்தான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

அடுத்த நாள் மிஸ்ஸும் நானும் போன் கடைக்குப் போனோம். கடைக்காரரை நாங்கள் நானா என்போம். நல்ல மனிதர். கேட்டதும் முகம் வாடிவிட்டது. ஒளிக்காமல் சொன்னார்.

"கணக்குத் தொறக்கத் தெரியாத ஆக்கள் வருவாங்க மிஸ். தொறந்து குடுத்தா பாஸ்வேர்டை மறந்து மத்த நாள் திரும்ப வந்து நிப்பாங்க. அதால சில பேருக்கு என்ட கணக்கையே போட்டு விட்டன். லேசா இருக்கட்டும் எண்டுதான். இப்பிடி ஒரு வாசலுக்கு அது சாவியாகும் எண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல."

எனக்கு அவரைக் குறைசொல்லத் தோன்றவில்லை. கடையில் வைத்து எங்களுக்கு ஒரு உதவியாகத்தான் அதைச் செய்தார். அந்தக் கிழமை முழுக்க, தன்னிடம் வாங்கிய வள்ளக்காரரைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவருக்கும் சொந்தக் கணக்குத் திறந்து கொடுத்தார். மிஸ்ஸின் ஆட்களும் ஒன்று செய்தார்கள். இப்போது ஒரு புதுப் போனில் முதல்தடவை உள்ளே போகும்போது, துண்டை மட்டும் பார்த்து விடுவதில்லை. உங்கள் வள்ள இலக்கம் இதுதானா என்று பெரிய எழுத்தில் கேட்கும். ஏற்கெனவே வேறொரு போன் அந்தக் கணக்கில் இருந்தால் நிறுத்திவைக்கும். பச்சைப் பொத்தானிலேயே இலக்கம் எழுதியிருக்கும், பொத்தானை மட்டும் பார்க்கிறவர்களும் பார்க்கட்டும் என்று. அதைச் சொன்னது நான்.

மிஸ் என்னை ஏசுவார் என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன். ஏசவில்லை. ஒருநாள் தேநீர் வைக்கும்போது தானாகவே சொன்னார், செயலாளர் பத்துப் பேர் என்றார், திரையில் எட்டுத்தான் நின்றது, தான் அதை ஏன் என்று கேட்டிருக்க வேண்டும் என்று. நானும் கேட்டிருக்க வேண்டும் மிஸ் என்றேன்.

அவர் அதன் பிறகு ஒன்றை மாற்றிக்கொண்டார். புதிதாக எதைச் செய்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார். ஆனால் "உள்ள போட்டுதோ?" என்று கேட்பதில்லை. "என்ன தெரியுது அண்ணை?" என்று கேட்கிறார். நான் கதிரையில் இருந்து, சின்ன எழுத்திலிருந்து பெரிய எழுத்துவரை, தெரிவதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். விளங்காததையும் சொல்கிறேன். சிலவேளை அந்தப் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். முகம் இன்னும் சூடாகத்தான் செய்கிறது. ஆனாலும் காலையில் அலுவலகத் திரையில் மச்சானின் இலக்கம் சிவப்பாக நிற்பதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும், இரண்டு கிழமையாக எனக்குள் வைத்திருந்த 'இதில் மச்சானின் இலக்கம் தெரிகிறது' என்ற அந்த ஒரு வார்த்தையின் பாரம் எவ்வளவு என்று கடலுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறேன்.